வலப்பக்கத்துப் பல்லி

முனியராஜின் நாக்கில் இருபத்து நான்கு பங்குனிப் பொங்கலுக்கு வேல் ஏறியிருக்கிறது. சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளி வேல். எம். புதுப்பட்டிக்குக் கிழக்கே ஓடைக்கரையில் இருக்கும் மாரியம்மன் கோயில் வாசலில் பூசாரி ஒச்சப்பன் திருநீற்றை அள்ளிப் பூசி ஒரே குத்தாகக் குத்துவார். ஒரு சொட்டு ரத்தம் வராது. மறுநாளே டீக்கடையில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்பான். "அவ குத்துன புண்ணு, அவளே ஆத்திருவா" என்பது ஊர்ப்பேச்சு.

பொன்மணி வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அதைப் பார்த்து மயங்கி விழுந்தாள்; மாமியார் சோடா வாங்கித் தெளித்து எழுப்பினாள். பிறகு பழகிப்போனது. பழகியது மட்டுமில்லை, பெருமையாகவும் ஆனது. அம்மனுக்குக் கொடுத்த நாக்கு என்று முனியராஜும் அதற்கு ஒரு மரியாதை வைத்திருந்தான். விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற ரூமில் நாலு பேர் வேலை பார்த்தார்கள். அதில் கெட்ட வார்த்தை பேசாத ஆள் அவன் ஒருத்தன்தான்.

ஆனால் அந்த நாக்குக்கு ஒரு பழக்கம் இருந்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் பீடி கிடையாது. தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டிலேயே மடியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பீடி இல்லாத வாய் சும்மா இருக்குமா? பாதிப் பேருக்குக் கன்னத்தில் புகையிலை. முனியராஜுக்கு வலது கன்னம். நெருப்புக்குப் பயந்து நெருப்பில்லாத ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு, அதனால் ஒன்றும் வராது என்று அத்தனை பேரும் நம்பியிருந்தார்கள்.

போன பங்குனி கழிந்து ஆனி மாதம், நாக்கின் வலது ஓரத்தில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. முனியராஜ் செய்த முதல் காரியம் வாயை மூடிக்கொண்டதுதான். அம்மனுக்கு வேல் குத்திய நாக்கில் புண் ஆறவில்லை என்றால் விரதத்தில் குறை என்று அர்த்தம். அதை ஊருக்குச் சொல்வதற்குப் பதில் நடுத்தெருவில் வேட்டியை அவிழ்த்துவிட்டுப் போகலாம். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பொன்மணியிடமும் சொல்லவில்லை.

அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? இடது பக்கமாகவே மென்றான். குழம்பை விட்டுவிட்டுப் பழைய சோற்று நீச்சத்தண்ணியாகக் குடித்தான். கேட்டதற்கு, "மருந்து பட்ட புண்ணு" என்றான். கந்தகமும் அலுமினியப் பொடியும் கையில் இருக்கிறவன் அப்படிச் சொன்னால் நம்பத்தானே வேண்டும். பொன்மணி மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலுமாக மூன்று மாதம் ஆக்கிப் போட்டாள். அப்புறம் ஐப்பசியில், தீபாவளி சீசன் லோடு லோடாக ஏறிக்கொண்டிருந்தபோது, தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

"நெறி கட்டியிருக்கு" என்றாள் பொன்மணி. காலில் முள் குத்தினால் தொடையில் நெறி கட்டும், கையில் சிரங்கு வந்தால் அக்குளில் கட்டும். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வாயில் புண் இருக்கிறது, கழுத்தில் கட்டியிருக்கிறது. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துத் தடவினாள். புண் ஆறினால் நெறியும் வத்திவிடும் என்று நம்பினாள். பின்னாளில் அந்தச் சுண்ணாம்பு டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் தன் கையைத் தானே அடித்துக்கொள்ளத் தோன்றியது. தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்டபோது நெல்லிக்காய் எலுமிச்சங்காயாகி, பக்கத்தில் இன்னொன்றும் முளைத்திருந்தது. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் ரோஜாதான் அப்பனை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சதை எடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். பதினைந்து நாள் கழித்து டாக்டர் ரோஷினி பொன்மணியோடு சேர்த்து மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினாள். சிவகாசி அச்சாபீஸ் குடும்பத்துப் பிள்ளை அவள். முப்பத்தைந்து வயசு இருக்கும். வெட்டுகிற டாக்டர், கரண்ட் என்று ஊர் சொல்லும் கதிர்வீச்சு வைக்கிற டாக்டர், மருந்து ஏற்றுகிற டாக்டர் மூவரும் கூடிப் பேசி எடுத்த முடிவைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள்.

"நாக்குல கேன்சர். நெறிக்கும் போயிருச்சு. நெறின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். அது காவக்காரன் மாதிரி. புண்ணுல இருந்து போற கெட்டதை எல்லாம் மறிச்சு நிறுத்தும். உங்க நெறி ரெண்டும் ஆறு மாசமா மறிச்சு நின்னுருக்கு. அதனாலதான் நெஞ்சுக்கு இன்னும் போகலை."

பொன்மணிக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் சுண்ணாம்பு தடவி விரட்டப் பார்த்தது காவல்காரனை. இவன் தூங்கும்போதும் மருந்து அடைக்கும்போதும் கழுத்துக்குள் ஒருத்தன் கண் இமைக்காமல் நின்றிருக்கிறான், கூலி கேட்காமல்.

"வலது பாதி நாக்கை எடுக்கணும். கழுத்துல வலப்பக்க நெறி எல்லாத்தையும் எடுக்கணும். ஸ்கேன்ல ரெண்டுதான் தெரியுது. தெரியாததுலயும் ஒளிஞ்சிருக்கலாம்."

"ஒரு ரூம்ல தீப்பிடிச்சா பக்கத்து ரூம் சரக்கையும் அப்புறப்படுத்துற மாதிரி" என்றான் முனியராஜ். அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை அது.

டாக்டர் அவனை ஒரு கணம் பார்த்தாள். "அதேதான்ண்ணே. அப்புறம் ஆறு வாரம் கரண்ட். கூட மருந்தும் தேவைப்படலாம்."

"ஆபரேஷன் இல்லாம கரண்டும் மருந்தும் மட்டும் வச்சா?" ரோஜா கேட்டாள்.

"செய்யலாம். கூடாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா நாக்கைப் பொறுத்தவரைக்கும் முதல்ல எடுத்துட்டு அப்புறம் கரண்ட் வச்சவங்கதான் நிறையப் பேர் பிழைக்கிறாங்க. கரண்ட் வச்சும் கேக்காமப் போனா, அதுக்கப்புறம் வெட்டுறது பெரும்பாடு. எது செஞ்சாலும் முழுசா வாக்குக் கொடுக்க முடியாது. எனக்கு எது நல்லதுன்னு படுதோ அதைத்தான் சொல்றேன்."

"பாதி நாக்கை வச்சுக்கிட்டு?" என்றாள் பொன்மணி.

"பாதியோட விட மாட்டோம்க்கா. புது நாக்கு செய்வோம்."

சொல்லிவிட்டு முனியராஜின் இடது கையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முஷ்டியை இறுக்கச் சொன்னாள். மணிக்கட்டில் இரண்டு பக்கமும் கட்டைவிரல்களால் அழுத்திக்கொண்டு, விரிக்கச் சொன்னாள். உள்ளங்கை பிணம் மாதிரி வெளுத்துப்போயிருந்தது. பிறகு சுண்டுவிரல் பக்கம் அழுத்தியிருந்த தன் கட்டைவிரலை மட்டும் எடுத்தாள். பொன்மணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தம் ஏறி, உள்ளங்கை முழுவதும் செக்கச்செவேலென்று ஆனது.

"கைக்கு ரெண்டு ரத்தக் குழாய். ஒண்ணு போதும், கை பிழைச்சுக்கும். இன்னொண்ணை இந்த இடத்துத் தோலோட சேர்த்து எடுத்து, வாய்க்குள்ள வச்சுத் தைச்சு, அந்தக் குழாயைக் கழுத்துக் குழாயோட சேர்த்துருவோம். தலைமுடியை விட மெல்லிசு நூல். கையில ஓடுன ரத்தம் நாக்குல ஓடும். தொடைத் தோலை எடுத்துக் கையில ஒட்டிருவோம்."

தொடை கைக்கு, கை நாக்குக்கு. ஒட்டு மாங்கன்று கட்டுவதைப் பொன்மணி ராஜபாளையத்தில் பார்த்திருக்கிறாள். மனுசனையும் அப்படிக் கட்டுவார்கள் என்று எவரும் அவளுக்குச் சொன்னதில்லை. ஒன்று போனால் இருக்கட்டும் என்று கைக்கு இரண்டு குழாய் வைத்து அனுப்பியவள் யார், அதைக் கண்டுபிடித்து வைத்த இந்தப் பிள்ளை யார் என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டும் விட்டாள்.

"இந்தப் பச்சைதான்" என்றாள் டாக்டர், கையைத் திருப்பி. கல்யாணமான வருசம் இருக்கன்குடித் திருவிழாவில் குத்திக்கொண்டது. முழங்கைப் பக்கத்திலிருந்து மணிக்கட்டு நோக்கி, 'பொன்மணி' என்று கோணல் எழுத்து. "கடைசி ரெண்டு எழுத்து வாய்க்குள்ள போயிரும். பரவாயில்லையா?"

முனியராஜ் அந்த இரண்டு எழுத்தையும் வலது கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். கிளம்பும்போது டாக்டர் கதவுவரை வந்து, அவன் கழுத்துக் கட்டியை இரண்டு விரலால் அசைத்துக் காட்டினாள். "இப்போ அசையுது பாருங்க. உள்ள இருக்கிற பெரிய ரத்தக் குழாயில போய் ஒட்டிக்கிச்சுன்னா, ஆபரேஷன் வேண்டாம்னு நானே சொல்லிருவேன். மூணு வாரம். அதுக்கு மேல தள்ளாதீங்க."

வீட்டுக்கு வந்தால் ஊரே டாக்டராக இருந்தது. முனியராஜின் அண்ணன் ஊர்க்காவலன் கட்டிலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னான். "ஏலே, கத்தி பட்டா அது உடம்பு பூராப் பரவிரும்லே. கரண்டோட நிறுத்திக்கோ." டாக்டர் அதை இல்லை என்றாள் என்று ரோஜா சொன்னதற்கு, "அவுக வெட்டுறவுக, வெட்டத்தான் சொல்லுவாக" என்றான். கடையில் பிரியாணி போடுகிறவன் பட்டினி கிடக்கச் சொல்லுவானா என்று ஒரு நியாயமும் வைத்திருந்தான்.

ஆனால் முனியராஜ் தயங்கியதற்குக் காரணம் அண்ணன் இல்லை. சாயங்காலம் கொல்லையில் பொன்மணி ஆட்டுக்குட்டிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் ஒரு தனி வித்தை. நாக்கை அண்ணத்தில் ஒட்டி 'டிச் டிச் டிச்' என்று சொடுக்குவாள். எந்தக் கோடியில் மேய்ந்தாலும் குட்டிகள் 'மே' என்று பதில் கொடுத்து ஓடிவரும். முனியராஜ் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், திடீரென்று சொன்னான்.

"காப்புக் கட்டி ஒம்பதாம் நாளு, பொகையிலை போட்டேன் பொன்மணி."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வெரதத்துல. மருந்து ரூம்ல தலை சுத்துச்சு. ஒரு துண்டுதான். அதோடதான் போயி நாக்கை நீட்டுனேன்."

"அதுக்கா இம்புட்டும்னு நெனைக்கீக? வேலு குத்துற எடம் நடு நாக்கு. புண்ணு ஓரத்துல. டாக்டரம்மாவே காமிச்சுச்சே. பொகையிலை அடக்குன எடந்தான்னு சொல்லுச்சே."

"அதான். அந்தம்மாவும் பொகையிலைன்னுது, ஆத்தாவும் பொகையிலைங்கா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான சொல்றாக." அவள் படலைச் சாத்தும்வரை பார்த்திருந்துவிட்டு மறுபடி சொன்னான். "அவளுக்குக் குடுத்த நாக்கு. அவளைக் கேக்காம அதுல கத்தி வைக்க நான் யாரு? உத்தரவு கேப்போம். குடுத்தான்னா வெட்டிக்கிடுதேன். இல்லேன்னா வெட்ட வேண்டாம். கரண்டும் வேண்டாம். அவ விட்ட வழி."

உத்தரவு என்றால் அந்தக் கோயிலில் ஒரு முறை உண்டு. வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் பூசாரி சூடம் ஏற்றி, கேட்க வந்த விஷயத்தை அம்மனிடம் சொல்லுவார். பிறகு எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சுவரில் பல்லிக்குக் குறைவில்லை. சிவகாசியின் அத்தனை அச்சாபீஸும் வருசா வருசம் கொடுத்த சாமிப் படக் காலண்டர்கள் மூன்று சுவரையும் மூடிக் கிடக்கும். அதற்குப் பின்னால்தான் அவற்றின் குடித்தனம். அம்மனுக்கு வலப்பக்கச் சுவரில் பல்லி சொன்னால் சரி. இடப்பக்கம் சொன்னால் வேண்டாம். வாசல் நிழல் படியைத் தொடும்வரை ஒன்றும் சொல்லாவிட்டால் அடுத்த வெள்ளி. மூன்று வெள்ளியும் பேசாவிட்டால் அதற்குப் பேர் 'இல்லை'.

முதல் வெள்ளி பல்லி பேசவில்லை. மற்ற நாளெல்லாம் ஓயாமல் கத்துகிற சனியன்கள், அன்றைக்கு ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. இரண்டாவது வெள்ளியும் பேசவில்லை. அந்த வாரம் முனியராஜுக்குக் காது வலி ஆரம்பித்தது. கஞ்சியும் இறங்கவில்லை. டாக்டர் ரோஷினி இரண்டு முறை ரோஜாவுக்குப் போன் செய்து, அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் தியேட்டரில் இடம் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். பொன்மணி தினமும் விடிந்ததும் அவன் கழுத்துக் கட்டியைத் தொட்டு அசைத்துப் பார்த்தாள். அசைந்தது. போன வாரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக அசைந்தது.

மூன்றாவது வெள்ளி. ஒச்சப்பன் சூடம் ஏற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். முனியராஜ் அம்மனுக்கு நேர் எதிரே கண்ணை மூடிச் சம்மணம் போட்டிருந்தான். பொன்மணி பூமாலை சாத்த உள்ளே போனவள், திரும்பி வந்து வலப்பக்கச் சுவரோரம், தொங்கும் காலண்டர்களுக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள். அப்போது அவளுக்கு எந்த யோசனையும் இல்லை. சத்தியமாக இல்லை. சுவரில் சாய இடம் வேண்டும் என்றுதான் அங்கே போனாள்.

சூடம் அணைந்தது. வெளியே வெயில் நகர்ந்தது. வாசல் நிழலுக்கும் படிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது, ஒரு சாண் ஆனது, நாலு விரல் ஆனது. அவள் தலைக்கு மேலே ஒரு காலண்டரின் மூலையில் ஒரு பல்லி முழு உடம்பையும் வெளியே நீட்டிக்கொண்டு, கல் மாதிரி இருந்தது. 'சொல்லித் தொலையேன்' என்று மனசுக்குள் கெஞ்சினாள், திட்டினாள், பால் வைக்கிறேன் என்றாள். அது கண்ணைக்கூட உருட்டவில்லை. நிழல் படியைத் தொட இன்னும் இரண்டு விரல். முனியராஜின் தாடைக்குக் கீழே கட்டி தோலை இழுத்துக்கொண்டு பளபளத்தது.

அவள் முந்தானையை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நாக்கு தானாகப் போய் அண்ணத்தில் ஒட்டியது.

டிச். டிச். டிச்.

வெளியே ஓடைக்கரையில் ஒரு ஆட்டுக்குட்டி 'மே' என்றது. முனியராஜ் கண்ணைத் திறந்தான். அம்மனைப் பார்த்தான். வலப்பக்கச் சுவரைப் பார்த்தான், அங்கிருந்த பல்லியைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "தாயே, சரி" என்றான். ஒச்சப்பன் "உத்தரவாயிருச்சு" என்று சொல்லித் திருநீறு அள்ளினார்.

பொன்மணி முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஊரில் எவனெவனோ என்னென்னவோ செய்திருக்கிறான். அம்மனுடைய வாயைத் திருடியவள் ஒருத்திகூட இருந்திருக்க மாட்டாள். அதுவும் அவள் கண்ணெதிரே, தான் சாத்திய மாலையின் வாசம் போவதற்குள். திருநீற்றை வாங்கித் தாலியில் இட்டுக்கொண்டாள். "என் புருசனை விட்டுரு. என்னை என்ன வேணாலும் செய்யி" என்று அவள் வேண்டிக்கொண்டது பொய்யில்லாத வேண்டுதல்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவனை உள்ளே கொண்டு போனார்கள். பத்து மணி நேரம். ரோஜா வராந்தாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். பொன்மணி உட்காரவே இல்லை. அவன் பிழைக்காமல் போனால் அவனைக் கொன்றது புற்றும் இல்லை, கத்தியும் இல்லை, தன் நாக்குத்தான் என்று அவளுக்கு உறுதியாகப் பட்டது. அந்த நாக்கைத்தான் கொடுக்க வேண்டும் என்றும் பட்டது. 'வர்ற பங்குனிக்கு என் நாக்குல வேலு குத்திக்கிடுதேன் ஆத்தா. கள்ளம் பேசுன நாக்கு. நீ குத்து' என்று நேர்ந்துகொண்டாள்.

சாயங்காலம் டாக்டர் ரோஷினி வெளியே வந்தாள். முகம் வாடியிருந்தது. ஆனால் சிரித்தாள். முப்பத்தொரு நெறி எடுத்ததாகவும், பார்வைக்கு எல்லாம் சுத்தமாக வந்துவிட்டதாகவும், சோதனை முடிவு வந்தால்தான் நிச்சயம் என்றும் சொன்னாள். "புது நாக்கு பிடிச்சிருக்கான்னு அஞ்சு நாள் பார்க்கணும்" என்றாள்.

எப்படிப் பார்ப்பார்கள் என்பதைப் பொன்மணி மறுநாள் கண்டாள். முனியராஜ் மூக்கில் ஒரு குழாயும் தொண்டையில் ஒரு குழாயுமாகப் படுத்திருந்தான். நர்ஸ் வாயைத் திறந்து டார்ச் அடித்தாள். பழைய பாதி சிவப்பாக இருந்தது. புதுப் பாதி வேறு நிறம், கையின் நிறம். அதன் நடுவே கோணலாக, பச்சையாக, 'மணி'. நர்ஸ் ஒரு சின்ன ஊசியை எடுத்து அந்தத் தோலில் மெல்லக் குத்தினாள். ஊசி முனையில், கடுகைவிடச் சின்னதாக, ஒரு சிவப்புப் பொட்டு எழும்பியது.

"நல்ல ரத்தம். உயிரோட இருக்கு" என்றாள் நர்ஸ். ஒரு பேனா மாதிரிக் கருவியைத் தாடையோரம் வைத்தாள். 'உஷ், உஷ், உஷ்' என்று ஒரு சத்தம் வந்தது. ஆழத்தில் யாரோ ஊதுகிற மாதிரி இருந்தது.

"என்னதும்மா அது?"

"கையில இருந்து வந்த குழாய்க்கா. ஓடுது."

பொன்மணி காதை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். இருபத்து நான்கு வருசமாக ஒரு சொட்டு ரத்தம் வராத நாக்கில் ரத்தம் வருவதற்காக இவர்கள் மணிக்கு ஒரு முறை ஊசி குத்திக் காத்திருக்கிறார்கள். வந்தால் சந்தோசப்படுகிறார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முனியராஜும் அதையேதான் நினைத்திருப்பான் போல. குழாய்களுக்கு நடுவே அவன் கண் சிரித்தது.

சோதனை முடிவு வந்தது. ஸ்கேனில் தெரிந்த இரண்டு நெறியோடு, தெரியாத ஒன்றிலும் இருந்தது. எடுத்த ஓரங்களில் இல்லை. கரண்டோடு வாரம் ஒரு மருந்தும் வேண்டும் என்றார்கள். தை மாதம் புது நாக்கில் முடி முளைத்தது. கைத்தோல் அல்லவா, அதற்கு வாய்க்குள் வந்துவிட்டோம் என்று தெரியவில்லை. ரோஜா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, பொன்னு கையிலயே நின்னுக்கிருச்சு. மணி உள்ள போயி மீசை வளக்குது" என்று சொல்லி வீட்டையே சிரிக்கவைத்தாள். கரண்ட் வைத்த மூன்றாம் வாரம் அந்த முடியும் உதிர்ந்தது, அவன் தாடியும் உதிர்ந்தது. வாயெல்லாம் வெந்து, அழுதான். ஆறு வாரம் ஒரு நாள் விடாமல் போய் முடித்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும், ஐந்து வருசம் கழிந்தால்தான் நிம்மதியாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியனுப்பினாள். புகையிலையை விடச் சொல்லி ஒரு வார்த்தைகூட அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பங்குனி வந்தது. பொன்மணி காப்புக் கட்டினாள். புருசன் பிழைத்ததற்கு நேர்ச்சை என்று ஊர் சொன்னது. அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பதினைந்து நாளும் பாயில் படுக்கவில்லை, வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உள்ளுக்குள் ஒரே கேள்விதான். வேலுக்கு நாக்கை நீட்டும்போது அம்மன் என்னை எப்படிப் பார்ப்பாள்?

பொங்கலன்று காலை மஞ்சள் சேலையும் ஈரத் தலையுமாக வரிசையில் நின்றாள். மேளம் காதைப் பிளந்தது. முனியராஜ் பக்கத்தில் நின்றான். உடம்பு பாதியாகியிருந்தான், கழுத்தில் தையல் தழும்பு, கையில் தொடைத் தோல் ஒட்டிய பள்ளம். முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேரானார்கள். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. பொய்யை வாயில் வைத்துக்கொண்டு நாக்கை நீட்டினால், அன்றைக்குப் புகையிலையோடு அவன் நீட்டியதும் இதுவும் ஒன்றுதானே.

"ஏங்க. ஒண்ணு சொல்லணும்" என்று அவன் காதருகே குனிந்தாள். "அன்னைக்கு உத்தரவு சொன்னது பல்லி இல்ல."

அவன் அவள் பக்கம் காதைச் சாய்த்தான்.

"நாந்தான். நான் சொடுக்குனேன். ஆத்தா ஒண்ணுமே சொல்லலை. உங்களை ஏமாத்திட்டேன், அவளையும் ஏமாத்திட்டேன். அதுக்குத்தான் இந்த வேலு." சொல்லும்போதே குலுங்கி அழுதாள்.

முனியராஜ் எச்சிலை விழுங்கிக்கொண்டான். புது நாக்குக்கு எல்லா எழுத்தும் வராது. வார்த்தையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத்தான் பேசுவான். மழலையும் கனமுமாக ஒரு பேச்சு.

"தெரியும்."

"என்னது?"

"பல்லி கத்துனா நம்ம ஆட்டுக்குட்டி எதுக்குப் பதில் சொல்லுது?"

மேளச் சத்தத்தில் தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று பொன்மணி அவன் வாயையே பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சா... தெரிஞ்சா எதுக்குச் சரின்னீக? நாக்கை அறுக்கக் குடுக்கிற காரியமாச்சே. அவ உத்தரவு இல்லாம?"

அவன் கோயிலுக்குள் பார்த்தான். அந்த வருசத்துக் காலண்டர்கள் புதிதாக ஏறி, காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.

"பல்லி வாயில பேசுறவ, பொண்டாட்டி வாயில பேச மாட்டாளா?"

பொன்மணிக்கு அழுகை நின்றுவிட்டது. மேளமும் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்குச் சுவரோரம் உட்கார்ந்தபோது தனக்கு எந்த யோசனையும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நாக்கு தானாகத்தான் போய் ஒட்டியது. தானாகவா? அவள் அம்மனைப் பார்த்தாள். அம்மன் எப்போதும் போல, பெரிய கண்ணோடு, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாகவே இல்லை. ஆனால் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒவ்வொரு முடியும் எழுந்து நின்றது.

"நீட்டும்மா" என்றார் ஒச்சப்பன், வெள்ளி வேலைத் திருநீற்றில் தோய்த்துக்கொண்டு.

முனியராஜ் பின்னால் வந்து, 'பொன்' என்று மட்டும் மிச்சமிருந்த இடது கையால் அவள் தாடையைத் தாங்கிப் பிடித்தான். அவள் தலையை நிமிர்த்தி நாக்கை நீட்டினாள். பிள்ளைக்குச் சோறூட்டும்போது தாய் தானும் ஆவென்று வாயைத் திறப்பாளே, அதுபோல அவள் முகத்துக்கு மேலே குனிந்திருந்த அவனும் அறியாமல் வாயைத் திறந்தான். பங்குனி வெயிலில், அவன் வாய்க்குள் பச்சையாக, கோணலாக, அவள் பெயரின் மிச்சம் தெரிந்தது.